ஏற்காடு ரெகுலாரிட்டி ஓட்டம்: ஃபியட் 1100-க்கு எத்தனை லிட்டர் போடணும்?

மணியனூர்_ஃபியட்

வணக்கம்ங்க. வண்டி 1968 ஃபியட் 1100 டிலைட். 1089 சிசி, சோலெக்ஸ் கார்புரேட்டர், இன்ஜின்லயே இருக்கற மெக்கானிக்கல் பம்ப், டேங்க் 38 லிட்டர். இன்ஜின் ஸ்டாக்தான் (கம்பெனியில வந்தபடியே), நாலு சிலிண்டர்லயும் கம்ப்ரெஷன் சமமா இருக்கு. ரெண்டு ஆள், ஸ்டெப்னி, டூல்ஸ் எல்லாம் சேர்த்து எடைமேடையில 1,050 கிலோ.

நடக்கப் போறது அமெச்சூர் ரெகுலாரிட்டி. ரோட்டை மூட மாட்டாங்க. கொடுத்த சராசரி வேகத்துல போகணும். முன்னாடி வந்தாலும் பெனால்டி, பின்னாடி வந்தாலும் பெனால்டி. பாதை: அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம், 20 கொண்டை ஊசி ஏறி ஏற்காடு, மேல லூப் ரோடு ஒரு சுத்து, அப்புறம் குப்பனூர் வழியா இறங்கி அயோத்தியாப்பட்டணம், சேலம். மொத்தம் சுமார் 107 கி.மீ. நடுவுல பெட்ரோல் போடக் கூடாது.

சமவெளியில லிட்டருக்கு 12 தருது. 107-ஐ 12-ஆல வகுத்தா 9 லிட்டர் வருது. 10 போட்டா போதும், சும்மா எடையைத் தூக்கிட்டு மலை ஏற வேண்டாம்னு நினைக்கறேன். சரிதானுங்களா? ஃப்யூயல் கேஜ் முள்ளை நம்ப முடியல, கால் டேங்குக்குக் கீழ ஆடிட்டே இருக்கு. மலைக்குன்னு மெயின் ஜெட் (கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற துளை) மாத்தணுமா? இப்ப பங்க்குல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20-ங்கறதால அதுலயும் குழப்பம். அடுத்த மாசம் கோவை காரி ஸ்பீட்வே ரேஸ் ட்ராக்குல 10 லேப் ஓட்டற எண்ணமும் இருக்கு. அதுக்கும் இதே கணக்குதானா?

பைசா_கணக்கு

10 லிட்டரோட கிளம்பினா லூப் ரோடு முடியறதுக்குள்ள வண்டியை ஓரங்கட்டிடுவீங்க. வகுத்ததுல தப்பில்ல, 12-ங்கற எண்ணுலதான் தப்பு. அது டாப் கியர்ல 50-ல ஒரே சீரா போறப்ப கிடைக்கற எண். மலையில கி.மீ.யை மறந்துடுங்க. எத்தனை கிலோவை எத்தனை மீட்டர் தூக்கறோம்ங்கறதுதான் அங்க கேள்வி.

சேலம் கடல்மட்டத்துலேர்ந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு 1,500-ஐ ஒட்டி. தாராளமா 1,200 மீட்டர் ஏத்தம்னு வெச்சுக்குவோம். 1,050 கிலோவை அவ்வளவு தூக்க 12.4 மெகாஜூல், அதாவது 3.4 யூனிட் வேணும். கரண்டு பில்லுல வர்ற அதே யூனிட்தான். டயர் உருளற எதிர்ப்பு எடையில 1.5 சதவீதம்னா 20 கி.மீ. மலைப்பாதைக்கு 0.9 யூனிட். 35, 40-ல போறப்ப காத்துக்கு 0.3. ஒவ்வொரு ஊசி வளைவுலயும் 15-க்கு இறங்கி மறுபடி 40-க்கு வர்றதுக்கு 20 தடவையும் சேர்த்து இன்னொரு 0.3. ஆக 4.9. கியர்பாக்ஸ்லயும் டிஃபரன்ஷியல்லயும் 15 சதவீதம் போகும்னு வெச்சா இன்ஜின் கொடுக்க வேண்டியது 5.8 யூனிட்.

இந்தக் காலத்து கார்புரேட்டர் இன்ஜின் நல்ல ட்யூன்ல, முழு லோடுல, ஒரு யூனிட்டுக்கு 320லேர்ந்து 350 கிராம் பெட்ரோல் குடிக்கும். மலையில ரெண்டாம் கியர், மூணாம் கியர்னு ஆக்ஸிலரேட்டரை மிதிச்சு மிதிச்சு விடறதால 380-ன்னு போட்டுக்கறது பத்திரம். 5.8-ஐ 380-ஆல பெருக்கினா 2,200 கிராம். லிட்டருக்கு 745 கிராம்னு வெச்சா 3 லிட்டர். அடிவாரத்துலேர்ந்து ஏரி வரைக்கும் லிட்டருக்கு 7-கூட வராதுன்னு அர்த்தம்.

மீதிப் பாதை: சேலத்துலேர்ந்து அடிவாரம் வரை டவுன் டிராஃபிக்கோட 10 கி.மீ., 0.9 லிட்டர். லூப் ரோடு 32 கி.மீ., மேடும் பள்ளமும், லிட்டருக்கு 8.5-ன்னா 3.8. குப்பனூர் இறக்கம் சுமார் 20 கி.மீ., 0.8. கீழ வந்தப்புறம் 25 கி.மீ., 2.1. கன்ட்ரோல்ல (நேரம் குறிக்கற இடம்) நிக்கறப்ப, பஸ்ஸுக்கு வழி விடறப்ப ஐட்லிங் 40 நிமிஷம்னா 0.7. கூட்டினா 11.3. இ20-ல லிட்டருக்குச் சக்தி 6, 7 சதவீதம் குறைவு. உங்க சமவெளி எண்ணுல அது ஏற்கனவே அடங்கியிருக்கு. ஏத்தத்துக்கும் லூப்புக்கும் மட்டும் அரை லிட்டர் சேருங்க. 11.8. இதுக்கு மேல 15 சதவீதம் கைகாவல் வெச்சா 13.6.

அதோட விஷயம் முடியல. டேங்க் அடியில பம்ப்பால எடுக்க முடியாம ஒரு அளவு நிக்கும், டெட் ஸ்டாக். அளந்து பார்க்காத வரைக்கும் 3 லிட்டர்னு வையுங்க. ஆக 17 லிட்டர்.

எடைக் கவலை வேற பக்கம் இருக்கணும். 10 கிலோ கூடினா மலை ஏற 25 மி.லி. கூடுதலா செலவாகும், அவ்வளவுதான். ஆனா ஒரு வீல்ல பிரேக் ஷூ லேசா பிடிச்சு 5 கிலோ இழுவை இருந்தா, முழு ஓட்டத்துக்கும் சேர்த்து கிட்டத்தட்ட முக்கால் லிட்டர் போயிடும். ஓட்டத்துக்கு முந்தின நாள் நாலு வீலையும் ஜாக்கில தூக்கி கையால சுத்திப் பாருங்க. பெட்ரோலைக் குறைச்சு ஊத்தி மிச்சம் பண்றதைவிட அது பத்து மடங்கு பலன்.

நாற்பதடி

இவ்வளவு கணக்கெல்லாம் எதுக்கு ப்ரோ. மேல போனா காத்து கம்மி, மெயின் ஜெட்டை ஒரு நம்பர் குறைச்சுடுங்க. இறக்கத்துல சாவியை ஆஃப் பண்ணி நியூட்ரல்ல விட்டா 2 லிட்டர் மிச்சம். 12 போட்டாலே போதும்.

டபுள்_டிக்ளட்ச்

நாற்பதடி தம்பி சொன்ன ரெண்டையும் செய்யாதீங்க.

இறக்கம் மொத்தத்துக்கும் ஆகற செலவே 0.8 லிட்டர், அதுல 2 லிட்டர் எப்படி மிச்சமாகும்? ஃபியட்டுக்கு நாலு பக்கமும் டிரம் பிரேக். நியூட்ரல்ல விட்டா அஞ்சாறு வளைவுக்குள்ள டிரம் சூடேறி மிதி கல்லு மாதிரி ஆகும், வண்டி நிக்காது. கியர்ல வெச்சு சாவியை மட்டும் ஆஃப் பண்ணா இன்னொரு தொல்லை: இந்தக் கார்புரேட்டர்ல ஃப்யூயல் கட்-ஆஃப் கிடையாது. பிஸ்டன் உறிஞ்சிக்கிட்டே இருக்கும், ஐட்ல் வழியா பெட்ரோல் இறங்கிக்கிட்டே இருக்கும், எரியாம சைலன்ஸர்ல போய்த் தேங்கும். மறுபடி சாவி போட்ட நிமிஷம் 'டமார்'. சைலன்ஸர் தையல் விட்டுப்போகும். ஏறின கியர்லயே இறங்குங்க, இக்னிஷன் ஆன்ல.

இப்ப ஜெட். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் காத்தோட அடர்த்தி 10, 11 சதவீதம் குறையுது. மேல குளிர்ச்சியா இருக்கறதால கொஞ்சம் ஈடாகும். கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற அளவு அந்த அடர்த்தியோட வர்க்கமூலத்துக்கு ஏத்தபடிதான் குறையும், அதனால மேல போகப் போக மிக்ஸ்சர் 5, 6 சதவீதம் ரிச் ஆகும், அதாவது காத்துக்குப் பெட்ரோல் கூடும். இது வரைக்கும் தம்பி சொன்னது சரி.

ஆனா அது பழைய பெட்ரோல் கதை. சுத்த பெட்ரோலுக்கு ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காத்து வேணும், இ20-க்கு 13.5 போதும். அதே ஜெட்டுல இ20 ஓட்டினா மிக்ஸ்சர் சுமார் 8 சதவீதம் லீன், அதாவது பெட்ரோல் பத்தாது. கவனிங்க: கீழ சேலத்துல 8 லீன், மேல ஏற்காட்டுல உயரத்தால 6 ரிச். ரெண்டும் கழிஞ்சா மேல ஏறக்குறைய சரியாவே இருக்கும். ஆபத்து மேல இல்ல, கீழ. கோரிமேட்டுலேர்ந்து முதல் ஏழெட்டு வளைவு வரைக்கும் வெயில்ல, ஃபுல் லோடுல, லீனா ஓடும். அந்த நேரத்துல ஜெட்டையும் குறைச்சா வால்வு சீட் வேகும்.

ஜெட் நம்பர்ங்கறது துளையோட விட்டம், மி.மீ.யில நூத்துல ஒரு பங்கு. உங்களுது 120-ன்னு எடுத்துக்காட்டுக்கு வெச்சுக்குவோம், பொறிச்ச எண்ணை நீங்களே பாருங்க. 125 போட்டா பரப்பு 8.5 சதவீதம் கூடும். இ20 பண்ண லீனை அப்படியே ஈடுகட்டும். ஆனா மேல போனா 6 சதவீதம் ரிச், லூப் முழுக்க அந்த ரிச்சோடயே ஓடணும். 122.5 கிடைச்சா அதுதான் இந்த ஓட்டத்துக்கு நடு வழி, 4 சதவீதம்தான் கூடும். ஐட்ல் ஸ்க்ரூவை கால் சுத்து வெளிய எடுங்க. கிடைக்கலைன்னா இருக்கறதையே விட்டுடுங்க. ஜெட்டை ஊசியால குத்திப் பெருசாக்கற வேலை மட்டும் வேண்டாம். 120-க்கும் 125-க்கும் வித்தியாசம் 0.05 மி.மீ., தலைமுடியைவிட சன்னம். எந்தக் கையாலயும் அந்த அளவு குத்த முடியாது.

இன்னொன்னு. இணையத்துல கிடைக்கற ஃபியட் 1100டி ஜெட் பட்டியல் பெரும்பாலும் இத்தாலி வண்டிக்கானது. அங்க அந்த மாடலுக்கு 1221 சிசி இன்ஜின், நம்ம ஊர்ல 1089. அந்த எண்ணை அப்படியே எடுத்துப் போட்டா கறுப்புப் புகைதான் வரும்.

லேம்டா மீட்டர் (புகையை வெச்சு மிக்ஸ்சரைக் காட்டறது) மாட்டியிருந்தா அதுல 14.7-ன்னு காட்டறது இ20-க்கும் 'சரி அளவு'தான், 13.5 வரணும்னு தேடாதீங்க. ஃபுல் த்ராட்டில்ல லேம்டா (1-ன்னா சரி அளவு, அதுக்குக் கீழ ரிச்) 0.86லேர்ந்து 0.90-க்குள்ள இருந்தா போதும். ப்ளக் பார்த்து ட்யூன் பண்றவங்களுக்கு ஒரு எச்சரிக்கை: இ20-ல ப்ளக் எப்பவும் கொஞ்சம் வெளுத்துத்தான் தெரியும்.

100 ஆக்டேன் போடலாமான்னு அடுத்து யாராவது கேப்பாங்க. இந்த இன்ஜின் கம்ப்ரெஷனுக்கு ஆக்டேன்ல ஒரு பைசா லாபம் இல்ல.

செவ்வாய்ப்பேட்டை_மெக்

கணக்கெல்லாம் சரிங்க. ஆனா 3 லிட்டர் டெட் ஸ்டாக், 3 லிட்டர் ஏத்தம்னு ரெண்டையும் அளந்து பார்த்துடணும்ங்க. வண்டிக்கு வண்டி மாறும்.

டெட் ஸ்டாக் அளக்க: பம்ப்புக்கு வர்ற பைப்பைக் கழட்டி, அதுல ஒரு கைப்பம்ப் மாட்டி, டேங்க்ல இருக்கறதை இரும்பு கேன்ல இறக்குங்க. காத்து கலந்து வர ஆரம்பிச்சதும் நிறுத்திக்கிட்டு, டேங்க் அடி நட்டைத் திறந்து மிச்சம் வர்றதை அளங்க. அதுதான் டெட் ஸ்டாக். வண்டி சமதளத்துல இருக்கறப்ப ஒருதரம், முன்பக்கம் ரெண்டு வீலும் 25 செ.மீ. உயரத்துல இருக்கறப்ப இன்னொரு தரம். 1100-க்கு வீல்பேஸ் 2.34 மீட்டர்ங்கறதால அது 10, 11 சதவீத ஏத்தத்துக்குச் சமம். மலைப்பாதை சராசரி 6 சதவீதம்தான், ஆனா ஊசி வளைவோட உள்பக்கம் அதைவிடச் செங்குத்து. தாங்கு கட்டை பலமா இருக்கட்டும், வெறும் ஜாக்கியை நம்பி வேலை செய்யாதீங்க.

இதைப் பிட் மேல நிறுத்திச் செய்யவே கூடாதுங்க. பெட்ரோல் ஆவி காத்தைவிடக் கனம், குழியில போய் நிக்கும். ஒரு பல்பு ஸ்விட்ச் போதும். திறந்த வெளியில, பேட்டரி டெர்மினல் கழட்டி, பக்கத்துல பவுடர் எக்ஸ்டிங்யூஷர் வெச்சு செய்யுங்க. கேனைத் தரையில வெச்சுதான் நிரப்பணும், டிக்கியில வெச்சு நிரப்பினா நிலைமின்சாரம் சேரும். சர்வீஸ் வண்டியில ஸ்பேர் பெட்ரோல் கொண்டுபோறதுன்னா லைசன்ஸ் இல்லாம மொத்தம் 30 லிட்டர்தான் வெச்சுக்க முடியும்.

டேங்க் காலியா இருக்கறப்பவே அளவுகுச்சி செஞ்சுடுங்க. தேக்குச் சட்டம் போதும், மெழுகு, பெயின்ட் எதுவும் பூசாம. 2 லிட்டர் 2 லிட்டரா ஊத்தி ஒவ்வொரு தரமும் ரம்பத்தால கோடு போடுங்க. பேனா கோடு பெட்ரோல்ல அழிஞ்சு போகும். மூடிக் கழுத்து வளைஞ்சிருந்து குச்சி நேரா இறங்கலைன்னா, கேஜ் யூனிட்டைக் கழட்டின ஓட்டை வழியா அளங்க. பங்க்குல ஊத்தினா அளவுல சந்தேகம் வேண்டாம், முத்திரை குத்தின 5 லிட்டர் குவளை எல்லா பங்க்குலயும் இருக்கும், கேட்டா அளந்து காட்டணும்.

இப்ப ஏத்தச் செலவு. எல்லாரும் செய்யறது: அடிவாரத்துல கழுத்து வரை ரொப்பி, மேல போய் மறுபடி கழுத்து வரை ரொப்பிப் பார்க்கறது. அது பொய் சொல்லும்ங்க. ஏறி முடியறதுக்குள்ள டேங்க்ல இருக்கற பெட்ரோல் 10 டிகிரி சூடானா, 38 லிட்டருக்கு 0.36 லிட்டர் விரியும். செலவானது 3, கணக்குல வர்றது 2.6. மைலேஜ் கூடிட்டதா நினைச்சு ஏமாறுவோம். அதனால டேங்க்ல 12 லிட்டர் மட்டும் வெச்சுப் போங்க. கிளம்பறதுக்கு முன்னாடி குச்சி அளவு பார்த்துக்குங்க. மேல சமதளத்துல அரை மணி ஆறவிட்டு, அதே கோடு வர்ற வரைக்கும் கேன்லேர்ந்து ஊத்துங்க. கேனை ஊத்தறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எலக்ட்ரானிக் தராசுல எடை பாருங்க, 745 கிராம் ஒரு லிட்டர். அன்னிக்கு அடர்த்தி என்னன்னு பங்க்குல எழுதி வெச்சிருப்பாங்க, அதையே எடுத்துக்கலாம்.

வண்டி வின்டேஜ்னு பதிவாகியிருந்தா ட்ரையல் ஓட்டறதுல கவனம். 2021-ல வந்த விதிப்படி ராலி, கண்காட்சி, பெட்ரோல் போடறது, பராமரிப்பு மாதிரி காரியங்களுக்குத்தான் ரோட்டுல இறக்கலாம், தினசரி ஓட்டத்துக்கு இல்ல.

ஓடோமீட்டரையும் நம்பாதீங்க. பழைய கிராஸ்பிளை டயருக்குப் பதிலா ரேடியல் போட்டிருந்தா சுத்தளவு மாறியிருக்கும். டயர்ல சாக்பீஸ் கோடு போட்டு, 10 சுத்து தள்ளி டேப்பால அளந்து பாருங்க. 3 சதவீதம் தப்புன்னா மைலேஜும் 3 சதவீதம் தப்பு, ரெகுலாரிட்டியில அதுக்குப் பெனால்டி வேற.

அறுபதடி_பாலம்

யாரும் ஏர்லாக் பத்தி பேசலை. மலையில பாதி வண்டி நிக்கறது பெட்ரோல் தீர்ந்து இல்ல, டேங்க்ல 15 லிட்டர் இருக்கறப்பவே.

மெக்கானிக்கல் பம்ப் டேங்க்லேர்ந்து உறிஞ்சுது. உறிஞ்சற பைப்ல அழுத்தம் குறைவு, அதனால பெட்ரோல் சீக்கிரம் கொதிக்கும். ஏத்தத்துல இன்ஜின் முழு லோடு, வேகம் 25, பானட்டுக்குள்ள காத்தோட்டம் இல்ல. மேல போகப் போக வளிமண்டல அழுத்தமும் 13 சதவீதம் குறையுது. மூணும் சேர்ந்தா பைப்ல ஆவிக் குமிழி. பம்ப் குமிழியைத்தான் அடிக்கும், பெட்ரோலை இல்ல. பஸ்ஸுக்குப் பின்னாடி பத்து நிமிஷம் முதல் கியர்ல ஊர்ந்தப்புறம் திக்கித் திக்கி நின்னா இதுதான்.

செய்ய வேண்டியது: பெட்ரோல் பைப் மேனிஃபோல்டுலேர்ந்து 10 செ.மீ. தள்ளி இருக்கட்டும். நடுவுல 1 மி.மீ. அலுமினியத் தகடு, ரெண்டு பக்கமும் 10 மி.மீ. காத்து இடைவெளியோட. கார்புரேட்டருக்கு அடியில 6லேர்ந்து 10 மி.மீ. பேக்லைட் ஸ்பேஸர், மேலயும் கீழயும் புது கேஸ்கட். ஸ்டட் நீளம் பத்துதா, ஆக்ஸிலரேட்டர் கம்பி முழுசா திறக்குதா, பானட் மூடினா இடிக்குதான்னு பாருங்க. இதுக்கும் அடங்கலைன்னா டேங்க் பக்கத்துல ஒரு எலக்ட்ரிக் பம்ப், டேங்க் அடி மட்டத்துக்கும் கீழ. அழுத்தம் 0.2லேர்ந்து 0.25 பாருக்குள்ள இருக்கறதா வாங்குங்க. இன்ஜெக்‌ஷன் வண்டிப் பம்ப்பை மாட்டினா ஊசி வால்வைத் தள்ளிக்கிட்டு கார்புரேட்டர் நிரம்பி வழியும். பம்ப் ஒயரை ஆயில் பிரஷர் ஸ்விட்ச் வழியா கொடுங்க, இன்ஜின் நின்னா பம்ப்பும் நிக்கணும்.

ஏர்லாக்னு நாம பேர் வெக்கறதுல பாதி, பழைய ரப்பர் ஹோஸ் வெடிச்சு காத்து உறிஞ்சறதுதான். உறிஞ்சற பக்கம்ங்கறதால சொட்டாது, வெளிய ஒண்ணும் தெரியாது. இ20 பழைய ரப்பரை இறுக்கி, பம்ப் டயாஃப்ரத்தைக் கெட்டிப்படுத்திடும். ஹோஸ் எல்லாம் ஆர்9 தரம் போட்டுக்குங்க. பம்ப் கிட்டும் எத்தனாலுக்குத் தாங்கறதான்னு கேட்டு வாங்குங்க. டேங்க் உள்ள இருக்கற பழைய துருவையும் எத்தனால் உரிச்சு எடுத்துட்டு வரும், ஓட்டத்துக்கு முன்னாடி ஃபில்டர் புதுசு.

இன்னொரு மாதிரி: 20 நிமிஷம் நல்லா ஓடி, மெல்ல மெல்ல சக்தி குறைஞ்சு நிக்கும். டேங்க் மூடியைத் திறந்தா 'ஸ்ஸ்'னு சத்தம் வந்து, மறுபடி ஓடும். மூடியில இருக்கற காத்துத் துளை அடைச்சிருக்கு. ஒரு ரூபாய் செலவில்லாத கோளாறு.

வளைவுல இருமறதுக்கு ஒரு சோதனை. இடப்பக்கம் திரும்பறப்ப மட்டும், இல்ல வலப்பக்கம் மட்டும், திரும்பின உடனே இருமினா அது ஃப்ளோட் லெவல், அதாவது கார்புரேட்டர் கிண்ணத்துல பெட்ரோல் நிக்கற மட்டம். எந்தப் பக்கம்னாலும், வளைவு முடிஞ்சு ரெண்டு மூணு செகண்ட் கழிச்சு இருமினா டேங்க்ல பெட்ரோல் எடுக்கற பிக்-அப் குழாய் வெளிய தெரியுது, பெட்ரோல் பத்தல.

மேல கன்ட்ரோல்ல நிறுத்திட்டு மறுபடி ஸ்டார்ட் ஆகலைன்னா சோக்கைத் தொடாதீங்க. கார்புரேட்டர் கிண்ணம் சூட்டுல கொதிச்சு இன்ஜின்குள்ள வழிஞ்சிருக்கும். ஆக்ஸிலரேட்டரை அடி வரைக்கும் மிதிச்சு, விடாம பிடிச்சு, செல்ஃப் அடிங்க. மிதிச்சு மிதிச்சு விட்டா இன்னும் வழியும்.

இதனாலதான் எனக்கு 17 லிட்டர் கணக்குல உடன்பாடு இல்ல. டேங்க்ல அதிகம் இருந்தா சூடேற நேரமாகும், வளைவுல பிக்-அப் மூழ்கியே இருக்கும். 28 போடுங்க. 11 லிட்டர் கூடுதல்னா 8 கிலோ, ஏத்தத்துல 20 மி.லி. செலவு. எதுக்குக் கஞ்சத்தனம்?

பைசா_கணக்கு

28-ல தப்பில்ல. 38-ம் ரொப்பிடலாமேன்னு மட்டும் போகாதீங்க: காலையில குளிர்ந்த பெட்ரோலைக் கழுத்து வரை ஊத்தி, மதியம் 20 டிகிரி கூடினா 0.7 லிட்டர் விரிஞ்சு, ஊசி வளைவுல மூடி வழியா வழியும். சூடான சைலன்ஸர் பக்கத்துல அது வேடிக்கை இல்ல.

காரி ட்ராக்குக்கு இந்தத் தாராளம் கூடாது. அங்க உயரம் கிடையாது, நேரமும் சக்தியும்தான் கணக்கு. ஸ்டாக் இன்ஜின் சுமார் 30 கிலோவாட். லேப் முழுக்க சராசரி 70 சதவீதம் மிதிச்சிருப்பீங்கன்னா 21 கிலோவாட். ரேஸ் ரிச்சுக்கு யூனிட்டுக்கு 360 கிராம். மணிக்கு 7.6 கிலோ, அதாவது 10 லிட்டர். லேப் 2.1 கி.மீ., 10 லேப் 21 கி.மீ., சராசரி 65-ல 19 நிமிஷத்துச் சொச்சம். 3.3 லிட்டர், லேப்புக்கு 330 மி.லி. நாளைக்கு இன்ஜினை 45 கிலோவாட்டுக்கு ட்யூன் பண்ணினா அதுவே மணிக்கு 15 லிட்டர், 10 லேப்புக்கு 4.3. வேகம் கூடறதால நேரம் குறையும், அதனால செலவு ஒன்றரை மடங்காகாது.

அவுட் லேப், இன் லேப், க்ரிட்ல காத்திருக்கறது ஒரு லிட்டர். 10 சதவீதம் கைகாவல். ஆனா டெட் ஸ்டாக்கை அங்க 6 லிட்டரா வையுங்க. 0.7 ஜி-ல திரும்பறப்ப டேங்குக்குள்ள பெட்ரோல் மட்டம் 35 டிகிரி சாயும், மலையில நிக்கற 6 டிகிரிச் சாய்வு அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. மொத்தம் 11 லிட்டர். 6-ஐக் குறைக்கணும்னா ஒன்றரை லிட்டர் ஸ்விர்ல் பாட் (எப்பவும் நிரம்பியே இருக்கற சின்னத் துணை டேங்க்) வெக்கணும், அதுக்குத் தனிப் பம்ப், ரிட்டர்ன் லைன்... 10 லேப் அமெச்சூர் ஓட்டத்துக்கு நான் அந்த வேலைக்குப் போக மாட்டேன்.

ஓட்டம் முடிஞ்சதும் மிச்சத்தைக் குச்சியால அளந்து, லேப் எண்ணிக்கையோட எழுதி வையுங்க. ரெண்டு ஓட்டம் எழுதினா 70 சதவீதம், 360 கிராம்னு நான் போட்ட ஊகம் ரெண்டையும் தூக்கிப் போட்டுடலாம்.

மணியனூர்_ஃபியட்

எல்லாருக்கும் நன்றிங்க. டெட் ஸ்டாக் அளந்தாச்சு. சமதளத்துல 2.6, முன்பக்கம் 25 செ.மீ. தூக்கினா 4.3. அப்ப 13.6-ஓட 4.3 கூட்டி 18, ஒரு கை பார்த்து 20 போட்டுக்கலாம்னு முடிவு. நட்டைத் திறந்தப்ப கடைசியா அரை டம்ளர் துருத்தண்ணி வந்துச்சு, ஃபில்டர் மாத்திட்டேன். பின்னாடி இடது வீல் பிரேக் பிடிச்சுட்டுதான் இருந்துச்சு.

செவ்வாய்ப்பேட்டை_மெக்

துருத்தண்ணி வந்தா டேங்கை ஒருதரம் கழுவிடுங்க. இ20-ல தண்ணி சேர்ந்தா எத்தனாலையும் இழுத்துக்கிட்டு அடியில போய் உக்காரும், அதைத்தான் பம்ப் முதல்ல உறிஞ்சும்.

20 போதும்ங்க. ஆனா 4.3-ஐக் கூட்டினது தப்பான இடம். ஏத்தம் முடியறப்ப டேங்க்ல இன்னும் 16 கிட்ட இருக்கும், அங்க 4.3 உங்களைத் தொடாது. பெட்ரோல் குறைஞ்சிருக்கறது குப்பனூர் இறக்கத்துல, அப்ப மூக்கு கீழ, டேங்க்ல இருக்கறது முன்பக்கம் ஓடும். பின் வீல் ரெண்டையும் 25 செ.மீ. தூக்கி இன்னொரு தரம் அளங்க. அந்த எண் 4-க்கு மேல வந்தா மட்டும் 22 போட்டுக்குங்க.